முன்பல்லுக்கு ஷேடு எடுப்பது எப்படி? மூன்று ரீமேக் கொடுத்த பிறகு எழுதுவது

கிளினிக் திறந்த முதல் வருடம். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தார். மேல் முன்பல் ஒன்றில் எப்போதோ வேர் சிகிச்சை செய்து, அது கறுத்துப் போயிருந்தது. பதினெட்டு நாளில் கல்யாணம். ஒரே ஒரு கேப்தானே (பல்லின் மேல் மாட்டும் உறை) என்று ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் ஆறரை மணி, பல்லைச் செதுக்கி அளவெடுத்து முடித்து, கடைசியில் ஞாபகம் வந்தவனாக ஷேடு கைடை, அதாவது பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிப்பல் தொகுப்பை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, கேப் செய்யும் லேபுக்கான ஸ்லிப்பில் 'ஏ2' என்று இரண்டே எழுத்து எழுதி அனுப்பினேன். வந்த கேப் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. 'கொஞ்சம் டார்க்' என்று எழுதித் திருப்பினேன். இரண்டாவது மஞ்சளாக வந்தது, ஆனாலும் பக்கத்துப் பல்லைவிடப் பளிச்சென்றுதான் நின்றது. மூன்றாவது சாம்பல். கல்யாண ஆல்பத்தில் இருப்பது நான் அவசரத்துக்குச் செய்து வைத்த தற்காலிகப் பல்தான்.

தப்பு லேப் மேல் இல்லை. ஷேடு எடுக்கும்போது செய்யக் கூடாத அத்தனையையும் ஒரே நாளில் செய்திருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது. கல்லூரியில் இது ஒரு வகுப்போடு முடிந்துவிடும், கையில் எடுத்துச் செய்யும்போது யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. புதிதாகக் கிளினிக் போட்டிருக்கிறவர்கள், ஹவுஸ் சர்ஜன்சி முடித்து வெளியே வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முதல் முன்பல் கேஸைத் தொடுங்கள்.

1. முதலில் வாங்க வேண்டியவை

ஷேடு கைடு ஒரிஜினலாக இருக்கட்டும். நம் ஊரில் எல்லா லேபும் புரிந்துகொள்ளும் மொழி வீட்டா கிளாசிக்கல், மொத்தம் 16 மாதிரிப்பற்கள். ஏ என்றால் சிவப்பு கலந்த பழுப்பு, பி சிவப்பு கலந்த மஞ்சள், சி சாம்பல், டி சிவப்பு கலந்த சாம்பல். இதற்கு நகல் நிறைய வருகிறது, சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். ஒருநாள் லேபுக்கு நேரில் போய் என்னுடைய ஏ2-ஐ அவர்களுடைய ஏ2 பக்கத்தில் வைத்தேன், இரண்டும் வேறு பல். ஒரிஜினல் சில ஆயிரம் ஆகும். ஒரு ரீமேக்குக்கு ஆகும் லேப் சார்ஜ், இன்னொரு சிட்டிங்குக்குப் போகும் நேரம், பேஷண்ட் முகம் சுளிப்பது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இது மலிவு.

வாங்கும் முன் லேபுக்குப் போன் போட்டு, 'நீங்கள் எந்த கைடு வைத்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். நீங்கள் வீட்டாவின் இன்னொரு கைடான த்ரீ-டி மாஸ்டரில் 2எம்2 என்று எழுதி, அங்கே கிளாசிக்கல் மட்டும் இருந்தால், அவர்கள் தோராயமாக மாற்றிக்கொள்வார்கள். அந்தத் தோராயம் உங்கள் பேஷண்ட் வாயில் தெரியும்.

அப்புறம் சாம்பல் நிற அட்டை ஒன்று, பெரிய கைக்கண்ணாடி ஒன்று. அறைக்கு 5500 முதல் 6500 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி விளக்கு. இரண்டு எண்ணும் பெட்டியிலேயே போட்டிருக்கும். 'கூல் டேலைட்' என்ற பெயரைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள், பெயர் டேலைட்டாக இருந்தும் சிஆர்ஐ 80-தான் இருக்கும்.

இன்னொன்று, பணம் ஆகாத வேலை. உங்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஆண்களில் சுமார் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஏதாவது ஒரு அளவில் நிறக்குறைபாடு இருக்கிறது, பெண்களில் இருநூறில் ஒருவருக்கு. பலருக்கு இருப்பதே தெரியாது. கண் டாக்டரிடம் இஷிஹாரா புத்தகத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். குறைபாடு இருந்தால் தொழிலுக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஷேடு பார்க்கும் வேலையை உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் கிளினிக்கில் என்னைவிட சிஸ்டர்தான் நன்றாகப் பார்க்கிறார்.

2. நேரம், வெளிச்சம்

முன்பல் கேஸுக்குக் காலை பத்து மணியிலிருந்து மதியம் இரண்டு மணிக்குள் அப்பாயின்ட்மென்ட் கொடுங்கள். சாயங்காலம்தான் வர முடியும் என்பவர்களை ஷேடு எடுக்க மட்டும் ஒரு காலை வரச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

வடக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அது வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளுக்கு எழுதியது. நம் ஊரில் சித்திரை பாதியிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் உள்ளே விழலாம். நேர் வெயில் படும் இடத்தில் ஷேடு பார்க்கக் கூடாது, திறந்த வானத்தின் வெளிச்சம் போதும். டென்டல் சேரின் விளக்கை அணைத்துவிடுங்கள். அது பல்லை மஞ்சளாகவோ வெளிறலாகவோ காட்டி ஏமாற்றும்.

ஒரு விளக்கில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் இன்னொரு விளக்கில் பிரிந்துபோகும். இதை எனக்குப் புரிய வைத்தவர் அந்தத் துணிக்கடைப் பெண்தான். இரண்டாவது ரீமேக்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது சொன்னார்: "பட்டுப்புடவைய வாசல்ல வச்சுக் காட்டாம நாங்க பில்லே போட மாட்டோம் டாக்டர். கடை லைட்ட நம்பி எடுத்துட்டுப் போனா மறுநாளே மாத்த வந்துடுவாங்க." ஐந்து வருடம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

3. ஊசி போடுவதற்கு முன்

பேஷண்ட் உட்கார்ந்ததும் முதல் வேலை ஷேடு. மரத்துப்போக ஊசி போடும் முன், பஞ்சு வைக்கும் முன், அளவெடுக்கும் முன். பல் காய்ந்தால் வெளிறும். வாயைத் திறந்து வைத்து, எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் ஓடிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே நிறம் மாறத் தொடங்கும், பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரையான ரப்பர் டேம் போட்டால் இன்னும் மோசம், பழைய நிறத்துக்குத் திரும்ப மணிக்கணக்காகும். நான் நாற்பது நிமிடம் காயவிட்ட பக்கத்துப் பல்லைப் பார்த்துத்தான் ஏ2 என்று எழுதினேன். பாவம், அந்தப் பல் சாதாரண நாளில் ஏ3.

பக்கத்துப் பற்களில் டீக்கறை, வெற்றிலைக்கறை இருந்தால் முதலில் சுத்தம் செய்து பாலிஷ் போடுங்கள். ஆனால் அன்றே ஷேடு எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்லுங்கள். பல்லை வெளுக்க வைக்கும் ஆசை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரமும் இதுதான். கேப் ஒட்டிய பிறகு வெளுத்தால் இயற்கைப்பல் வெளுக்கும், கேப் அப்படியே நிற்கும். அதனால் வெளுப்பது முதலில், அதன்பின் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி, அதற்குப் பிறகே ஷேடு.

லிப்ஸ்டிக்கைத் துடைக்கச் சொல்லுங்கள். பளீர் சிவப்பில் துப்பட்டாவோ சட்டையோ இருந்தால் சாம்பல் துணி ஒன்றைக் கழுத்துவரை போர்த்திவிடுங்கள்.

4. கண்ணால் பார்ப்பது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். எழுத்தைத் தேடுகிறோம், ஏ-வா பி-யா என்று. தேட வேண்டியது அதுவல்ல. நிறத்துக்கு மூன்று பக்கம் உண்டு: வேல்யூ, குரோமா, ஹியூ. பல் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்பது வேல்யூ. நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது குரோமா. மஞ்சளா சிவப்பா என்பது ஹியூ. ஹியூ கொஞ்சம் தவறினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவருக்குத் தெரியாது. வேல்யூ தவறினால் தெருவில் எதிரே வருபவருக்கே தெரியும். நான் 'கொஞ்சம் டார்க்' என்று எழுதியபோது மனதில் இருந்தது வேல்யூ, லேப் புரிந்துகொண்டது குரோமா. மஞ்சளைக் கூட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே கைடை ஏ, பி, சி, டி வரிசையில் வைக்காதீர்கள். மாதிரிப்பற்களைக் கழற்றி வெளிச்ச வரிசையில் மாட்டுங்கள்: பி1, ஏ1, பி2, டி2, ஏ2, சி1, சி2, டி4, ஏ3, டி3, பி3, ஏ3.5, பி4, சி3, ஏ4, சி4. த்ரீ-டி மாஸ்டர் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, அது வேல்யூ வரிசையிலேயே வரும், முதல் எண்ணே வேல்யூ குழு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, லேபும் வைத்திருந்தால், அதையே சொல்வேன்.

பேஷண்டின் வாய் உங்கள் கண் மட்டத்துக்கு வரட்டும், ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், நிறம் மங்கி வெளிச்ச வித்தியாசம் மட்டும் தெரியும். கைடை இடமிருந்து வலமாக நகர்த்தி, எந்த இடத்தில் பல்லும் மாதிரியும் ஒன்றாக மறைகின்றன என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து இரண்டு மூன்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, பல்லின் முனைக்கு நேர் கீழே முனையோடு முனை படும்படி, பல் நிற்கும் அதே தளத்தில் பிடியுங்கள். பல்லுக்கு முன்னால் நீட்டிப் பிடித்தால் மாதிரி வெளிச்சமாகத் தெரியும், உள்ளே தள்ளிப் பிடித்தால் மங்கலாகத் தெரியும்.

ஒரு பார்வைக்கு ஐந்து விநாடி, அதற்குமேல் வேண்டாம். கண் சலித்துவிடும், எல்லாமே பொருந்துகிற மாதிரி தோன்றும். நடுவில் சாம்பல் அட்டையைப் பாருங்கள். நீல அட்டையைப் பார்க்கச் சொல்லும் பழைய குறிப்புகள் உண்டு, நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணுக்கு மஞ்சள் தூக்கலாகத் தெரியும். சாம்பலே போதும். முதலில் எது பொருந்துகிறது என்று தோன்றியதோ பெரும்பாலும் அதுவே சரி.

ஹியூ குழப்பினால் கோரைப்பல்லைப் பாருங்கள், நிறம் அடர்த்தியாகத் தெரியும் பல் அதுதான். ஆனால் அதன் ஷேடையே முன்பல்லுக்கு எழுதிவிடாதீர்கள், முன்பல்லைவிட அது ஒன்றிரண்டு படி அடர்த்தியாக இருப்பது இயற்கை.

ஒரு பல்லுக்கு ஒரே ஷேடு என்று நினைப்பது அடுத்த சறுக்கல். ஈறோரம் அடர்த்தி, நடுவில் உண்மையான நிறம், முனையில் கண்ணாடி மாதிரி கொஞ்சம் சாம்பல் நீலம். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துக் குறியுங்கள். இதையெல்லாம் நீங்களும் உதவியாளரும் தனித்தனியாகப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். கடைசியாகப் பேஷண்ட் கையில் கண்ணாடியைக் கொடுங்கள்.

சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீரில் ஃபுளோரைடு கூடி வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழுந்த பற்களுக்கு எந்த மாதிரிப்பல்லும் பொருந்தாது. திட்டில்லாத இடத்தில் அடிப்படை ஷேடைப் பிடித்துக்கொண்டு, திட்டுகளைக் காகிதத்தில் வரைந்துதான் அனுப்ப வேண்டும். பேஷண்டிடமும் கேளுங்கள், பக்கத்துப் பல் மாதிரியே திட்டோடு வேண்டுமா, சுத்தமாக வேண்டுமா என்று. நாமாக முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வோம்.

5. கருவி எப்போது, எதற்கு

நிறத்தை அளக்கும் கருவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், நம் ஊரில் பெரும்பாலும் வீட்டா ஈசிஷேடு. அது தன் வெளிச்சத்தைத் தானே பல்லுக்குள் அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. அதனால் சாயங்காலமானாலும் டியூப்லைட்டானாலும் கவலையில்லை, நம் கண் சலிப்பும் அதற்குக் கிடையாது. கிளாசிக்கலிலும் த்ரீ-டி மாஸ்டரிலும் ஷேடைச் சொல்லும். விலை ஒரு லட்சத்தைத் தாண்டும். மாதத்துக்கு இரண்டு முன்பல் கேஸ் வரும் கிளினிக்குக்கு இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. சில பெரிய லேப்களில் வைத்திருக்கிறார்கள், ஒற்றை முன்பல் கேஸ் என்றால் பேஷண்டையே அங்கே அனுப்பலாம்.

கையில் இருந்தால் இதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டில் வைத்து கேலிப்ரேட் செய்யுங்கள். நுனி பல்லின் பரப்பில் செங்குத்தாக, முழுதாகப் பதிய வேண்டும். சாய்ந்தாலோ ஓரத்தில் வைத்தாலோ வெளிச்சம் பக்கவாட்டில் ஒழுகிப் போகும், அளவு மங்கலாக வரும். ஈறைத் தொட்டால் சிவப்பு ஏறும். ஃபில்லிங் இருக்கும் இடத்தில் வைத்தால் ஃபில்லிங்கின் நிறத்தைத்தான் சொல்லும். ஒரே இடத்தில் மூன்று முறை எடுங்கள், மூன்றும் வேறு வேறாக வந்தால் குறை உங்கள் கையில். காய்ந்த பல்லை வைத்தால் காய்ந்த பல்லின் ஷேடைத்தான் அதுவும் சொல்லும், இதில் கண்ணுக்கும் கருவிக்கும் பேதமில்லை.

கருவி டெல்டா ஈ என்று ஒரு எண் காட்டும், இரண்டு நிறத்துக்கு நடுவே உள்ள தூரம். சுமார் 1.2 இருக்கும்போது பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குத்தான் வித்தியாசம் தெரியும், சுமார் 2.7 வரை பாதிப் பேர் பரவாயில்லை என்று ஏற்றுக்கொள்வார்கள். அந்த இன்னொரு பாதியில் உங்கள் பேஷண்ட் இருக்கலாம். முனையின் கண்ணாடித்தன்மை, மெல்லிய விரிசல் கோடு, பளபளப்பு, இதையெல்லாம் அந்த எண் சொல்லாது. கருவி அடிப்படை ஷேடைச் சொல்லட்டும், மீதியைக் கண் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நான் முதலில் கருவியைத் திரும்ப வைத்துப் பார்ப்பேன், அதற்கும் அதே எண் வந்தால் வேல்யூவில் கருவியை நம்புவேன். வாய்க்குள் விடும் ஸ்கேனர்களும் இப்போது ஷேடு சொல்கின்றன, அதை இன்னொருவர் கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. போட்டோ

செல்போன் போதும், பியூட்டி மோடை அணைத்தால். தேர்ந்தெடுத்த மாதிரிப்பல், அதைவிட ஒரு படி வெளிச்சமானது, ஒரு படி மங்கலானது, மூன்றையும் பல்லின் தளத்திலேயே பிடித்து, மேலே உள்ள எழுத்து தெரியும்படி எடுங்கள். சாம்பல் அட்டையின் ஒரு ஓரமும் படத்தில் இருக்கட்டும். நேர் ஃபிளாஷ் அடித்தால் பல்லில் வெள்ளைப்பொட்டு விழுந்து பாதி விவரம் போய்விடும். லேபில் இருப்பவரின் திரையில் நிறம் மாறித்தான் தெரியும், ஆனால் அவர் கையிலும் அதே மாதிரிப்பல் இருப்பதால் ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார். மாதிரிப்பல் இல்லாத போட்டோவால் பயனே இல்லை.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இதைச் சொல்லித்தர எனக்கு ஒரு வருடம் யாரும் கிடைக்கவில்லை.

7. லேப் ஸ்லிப்

பேஷண்டை ஒருபோதும் பார்க்கப் போகாத ஒருவருக்கு எழுதும் கடிதம் இது. 'ஏ2' என்பது கடிதமில்லை. இப்போது நான் எழுதுவது இப்படி:

"பல் 11. லேயரிங் செய்த ஜிர்கோனியா. கைடு: வீட்டா கிளாசிக்கல். ஈறோரம் ஏ3.5, நடு ஏ3, முனை ஒரு மில்லிமீட்டர் கண்ணாடித்தன்மை, லேசான சாம்பல். வேல்யூ ஏ3-க்கு மேல் போகவே கூடாது. சந்தேகம் வந்தால் மங்கலான பக்கம் போகவும். இடது பக்கம் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு, படத்தில் காண்க. அடிப்பல் கறுத்திருக்கிறது, தனிப் படம் உண்டு. பளபளப்பு பக்கத்துப் பல் அளவுக்கு மட்டும். பிஸ்க் ட்ரையல் வேண்டும்."

11 என்பது மேல் வலது நடு முன்பல்லின் எண். லேயரிங் என்றால் ஜிர்கோனியா உறை மேல் செராமிக் அடுக்குவது. பிஸ்க் ட்ரையல் என்றால் கடைசிப் பளபளப்பு ஏற்றும் முன் வாயில் பொருத்திப் பார்ப்பது. அடிப்பல், அதாவது கேப்புக்குள் இருக்கும் செதுக்கிய பல், அதன் நிறத்தை மறக்காதீர்கள். செதுக்கிய பிறகு அந்தக் கட்டையையும் ஒரு படம் எடுங்கள். செராமிக் மெல்லிசாக, கண்ணாடித்தன்மையோடு இருந்தால் கறுப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். என்னுடைய மூன்றாவது கேப் சாம்பலாக வந்ததற்கு இதுவே காரணம். செதுக்கிய பல்லுக்கென்றே என்டி1 முதல் என்டி9 வரை தனி கைடு இருக்கிறது.

லேபைத் திட்டும் முன் ஒரு சோதனை: நீங்கள் செய்த தற்காலிகப் பல்லின் தடிமனை ஐவான்சன் காலிப்பரில் அளந்து பாருங்கள். செராமிக் ஏற்றிய மெட்டல் கேப்புக்கு முன்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்காவது இடம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் உலோகத்தை மறைக்க உள்ளே பூசும் ஒபேக் வெளியே வெள்ளையாகத் தெரியத்தான் செய்யும், எந்த ஷேடு எழுதினாலும்.

8. நாள் கணக்கும் பணக் கணக்கும்

பிஸ்க் ட்ரையலுடன் ஒற்றை முன்பல்லுக்கு மூன்று வாரம் சொல்லுங்கள். லேபுக்கு ஐந்தாறு நாள், ட்ரையல், திருத்தத்துக்கு மூன்று நான்கு நாள், இடையில் ஒரு பண்டிகையோ லேப் லீவோ வந்தே தீரும். கல்யாணத்துக்கு ஒரு மாதத்துக்குள் வருகிறவர்களிடம் தற்காலிகப் பல்லைத் தனியாகச் சிரத்தையோடு செய்து தருவதாகவும், நிரந்தரக் கேப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள். கடைசி வாரத்தில் சொன்னால்தான் சண்டை.

ரீமேக்கை யார் தலையில் கட்டுவது என்பதை லேபோடு முன்பே பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லிப்பில் எழுதியதற்கு மாறாக வந்தால் லேப் பொறுப்பு, ஸ்லிப்பே தவறென்றால் நம் பொறுப்பு. இரண்டெழுத்து ஸ்லிப் அனுப்பிய நான் மூன்று முறையும் முழுச் சார்ஜ் கட்டினேன், வாதாட என் கையில் ஒரு காகிதமும் இல்லை. ஒற்றை முன்பல்தான் இருப்பதிலேயே கஷ்டமான கேஸ், அதற்குப் பின்பல் கேப்பின் கட்டணமே வாங்குவது கட்டுப்படியாகாது. ட்ரையலுக்கும் ஷேடு சிட்டிங்குக்கும் சேர்த்துக் கட்டணத்தை முதலிலேயே சொல்லுங்கள்.

9. ட்ரையலும் கையெழுத்தும்

கேப் வந்ததும் மேஜையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல்லை நனைத்து, தண்ணீரோ, பொருத்திப் பார்ப்பதற்கென்றே உள்ள ட்ரை-இன் பேஸ்டோ உள்ளே வைத்துப் பொருத்துங்கள், காற்று இடைவெளி இருந்தால் நிறம் மாறித் தெரியும். இதையும் ஊசி போடும் முன், பல் காயும் முன் செய்யுங்கள்.

பிறகு பேஷண்டை எழுப்பிக் கைக்கண்ணாடியைக் கொடுத்து வாசலுக்குக் கூட்டிப்போங்கள். கூட வந்த அம்மாவோ அத்தையோ இருந்தால் அவர்களையும்தான், ஏனென்றால் வீட்டுக்குப் போனதும் முதல் தீர்ப்பு அவர்களுடையது. டியூப்லைட்டில் ஒரு முறை, வாசலில் ஒரு முறை, சிரித்து ஒரு முறை, பேசி ஒரு முறை. ஒரு கேள்விக்குறி தெரிந்தாலும் தற்காலிகப் பல்லைத் திரும்ப ஒட்டி அனுப்பிவிடுங்கள். கேப்பைச் செமென்ட் போட்டு ஒட்டிய பிறகு அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சரி என்றால், கேஸ் ஷீட்டில் ஷேடு, தேதி, 'வெளிச்சத்தில் பார்த்தேன், நிறம் சம்மதம்' என்று ஒரு வரி, அதன் கீழே பேஷண்டின் கையெழுத்து. ஸ்லிப்பின் நகலும் போட்டோவும் அதே ஃபைலில். அந்தத் துணிக்கடைப் பெண் நான்காவது கேப்புக்கு வந்தபோது நான் சொல்லும் முன்பே கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இரண்டு நிமிடம் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "பில் போடுங்க டாக்டர்" என்றார்.